பிருந்தாவன் தோட்ட நீரூற்று நடனம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

மைசூர்ப் பக்கம் கண்ணம்பாடி அணையின் (கே.ஆர்.எஸ்., அதாவது கிருஷ்ணராஜ சாகர்) கீழே இருக்கும் பிருந்தாவன் தோட்டத்துக்கு இதுவரை மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை நீரூற்று நடனத்தை முழுதாகப் பார்த்தோம். ஆனால் அன்று ராத்திரி எழுபது வயது அம்மாவும் ஐந்து வயது மகளும் காட்டுச் சோதனைச் சாவடியில், காருக்குள்ளேயே படுக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டாம் தடவை டூர் பஸ்ஸில் போனோம். கடைசி இருபது நிமிஷம்தான் பார்க்கக் கிடைத்தது. மூன்றாம் தடவைதான் எல்லாம் சரியாக அமைந்தது.

இத்தனைக்கும் அது ஒரு மணி நேரக் காட்சிதான். இருட்டில் கலர் விளக்கு, பாட்டு, பாட்டுக்கு ஏற்ப எழும்பி விழும் தண்ணீர். ஆனால் அந்த ஒரு மணி நேரம் சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்குகிறது. இடம் மைசூரிலிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் தள்ளி. நம் ஊர் திரும்பும் வழியில் காடு. இந்த மூன்றையும் சேர்த்து யோசிக்காமல் கிளம்பினால் எங்கேயாவது ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் படிப்படியாக எழுதுகிறேன்.

1. ராத்திரி எங்கே படுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டிக்கெட், வண்டி எல்லாம் அப்புறம். முதலில் இது. கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரிப் பக்கத்திலிருந்து காரில் போகிறவர்கள் "காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம்" என்று கணக்குப் போடுவார்கள். நானும் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அப்படித்தான் கிளம்பினேன். தூரத்தைப் பார்த்தால் முடியும் என்றுதான் தோன்றும். ஆனால் முடியாது.

காரணம் இரவுப் போக்குவரத்துத் தடை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழியாகப் போகும் சாலையில் 2022 பிப்ரவரி முதல் கார்களுக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி இல்லை. லாரி போன்ற கனரக வண்டிகளுக்கு மாலை 6 மணிக்கே தடை தொடங்கிவிடும். கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாக வந்தாலும் இதே கதைதான். பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை சாலையை மூடிவிடுவார்கள்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். வாரநாளில் காட்சி ஏழரைக்கு முடிகிறது. கூட்டத்தோடு நடந்து வெளியே வந்து வண்டியை எடுக்க எட்டு, எட்டேகால் ஆகிவிடும். அங்கிருந்து மைசூர், நஞ்சன்கூடு, சாமராஜநகர் தாண்டி எல்லைக்கு வர சுமார் 100 கிலோமீட்டர். எந்த டிரைவராலும் ஒன்பதுக்குள் வர முடியாது. நாங்கள் காரப்பள்ளம் சாவடிக்கு வந்தபோது பத்தேகால். அங்கே இருந்த காவலர் கோபப்படவில்லை. "காலையில ஆறு மணிக்குத் தொறப்போம் சார்" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு முன்னால் ஏற்கெனவே ஏழெட்டு வண்டிகள் நின்றிருந்தன. மகளுக்கு விடியற்காலைக் குளிரில் போர்த்த ஒரு துண்டு கூட எங்களிடம் இல்லை. அம்மா இரண்டு தடவை கழிப்பறை கேட்டார். அந்த ராத்திரியை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே காரில் போனாலும் ரயிலில் போனாலும் ஒரு ராத்திரி மைசூரில் அறை போட்டுவிடுங்கள். ரயில் நிலையத்தைச் சுற்றியும் வெளியூர் பஸ் நிலையத்தைச் சுற்றியும் எல்லா விலையிலும் லாட்ஜ் இருக்கிறது. பட்ஜெட் இடம் கொடுத்தால் தோட்டத்தை ஒட்டியே ராயல் ஆர்க்கிட் பிருந்தாவன் விடுதி உண்டு. காட்சி முடிந்ததும் நடந்தே அறைக்குப் போய்விடலாம். முட்டி வலிக்காரர்கள் வீட்டில் இருந்தால் அந்தக் கூடுதல் பணம் வீண் போகாது.

2. எந்த நாள், எந்த மாதம்

திங்கள் முதல் வெள்ளி வரை ஆறரை முதல் ஏழரை வரை ஒரு மணி நேரம். சனி, ஞாயிறில் ஆறரை முதல் எட்டரை வரை இரண்டு மணி நேரம். இதுதான் வழக்கமான அட்டவணை. விசேஷ நாள்களில் மாற்றுவார்கள் என்பதால் கிளம்பும் அன்று காலை லாட்ஜ் வரவேற்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறில் நேரம் அதிகம், ஆனால் கூட்டமும் அதிகம். பெங்களூரு மொத்தமும் வந்து இறங்கிவிடும். வயதானவர்கள், சின்னக் குழந்தைகள் உடன் இருந்தால் வியாழன், வெள்ளி போங்கள் என்பேன். நாங்கள் மூன்றாம் தடவை போனது வியாழக்கிழமை. உட்கார இடம் தேட வேண்டியே இருக்கவில்லை.

ஞாயிறில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மைசூர் அரண்மனைக்கு முழு விளக்கு அலங்காரம் ஏற்றுவது ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும், இரவு ஏழு மணிக்கு. நீரூற்று நடனமும் அதே நேரம்தான். இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் பார்க்க முடியாது. முதல் தடவை வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கவனிப்பதில்லை. இரண்டும் வேண்டும் என்றால் சனிக்கிழமை தோட்டம், ஞாயிறு அரண்மனை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு ராத்திரி தங்க வேண்டியிருக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை எனக்குப் பிடித்தது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது ஆறிலிருந்து ஆறரைக்குள் சூரியன் விழுந்துவிடும். நவம்பர், டிசம்பரில் ஆறரைக்கு முதல் பாட்டு போடும்போதே நல்ல இருட்டு. மே, ஜூனில் அந்த நேரத்தில் வானம் இன்னும் வெளுத்துக்கிடக்கும், விளக்கின் நிறமே ஏறாது. கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் முதல் கால் மணி நேரத்தை வைத்து "இவ்வளவுதானா" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏழு மணிக்கு மேல்தான் அது களை கட்டும்.

ஜூலை, ஆகஸ்டில் அணை நிரம்பும் காலம். பார்க்க அழகுதான். ஆனால் நிறைய தண்ணீர் திறந்துவிட்டால் படகுச் சவாரியை நிறுத்திவிடுவார்கள். திடீர் மழையும் வரும். தசரா நாள்களில் அறை கிடைப்பது கஷ்டம். போவதானால் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

இன்னும் ஒன்று. கிளம்பும் முன் இரண்டு நாள் செய்தி பாருங்கள். மழை பொய்த்த வருஷங்களில் காவிரித் தண்ணீர் விஷயமாக, தோட்டம் இருக்கும் மண்டியா மாவட்டத்தில் போராட்டம் நடக்கும். 2023 செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரே வாரத்துக்குள் பெங்களூரு பந்த், கர்நாடக பந்த் என்று இரண்டு வந்தன. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியோடு அந்த மாதிரி நாளில் போய் நிற்க வேண்டாம். 2022 கடைசியில் தோட்டத்தில் சிறுத்தை நடமாட்டம் தெரிந்து, சில வாரம் பொதுமக்களை உள்ளே விடாமலேயே வைத்திருந்தார்கள். இதெல்லாம் அபூர்வம்தான். ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

தோட்டத்துக்குள் போக எந்த அடையாள அட்டையும் தேவையில்லை. டிக்கெட் போதும். ஆவணம் தேவைப்படுவது வழியிலும் லாட்ஜிலும்தான்.

லாட்ஜில் ஆதார் அல்லது வேறு அரசு அடையாள அட்டை கேட்பார்கள். பல இடங்களில் பெரியவர்கள் எல்லோருடையதையும் கேட்கிறார்கள், ஒருவருடையது மட்டும் போதாது. அம்மாவின் ஆதார் வீட்டு பீரோவிலேயே இருந்ததால் ஒரு தடவை அரை மணி நேரம் வரவேற்பில் நின்றோம். போனில் படமாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காருக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, டிரைவிங் லைசென்ஸ் நான்கும் வேண்டும். டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும். புகைச் சான்று தேதி முடிந்திருப்பதைத்தான் நாம் மறந்துபோவோம். வாடகை வண்டியில் போனால் அந்த வண்டிக்குக் கர்நாடகத்துக்குள் ஓட்ட பெர்மிட் இருக்கிறதா, பேசிய தொகைக்குள் பெர்மிட் காசு அடக்கமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். எல்லைக்குப் போன பிறகு "பெர்மிட் தனி" என்று சொல்லும் டிரைவர்கள் உண்டு.

ஊட்டி, கூடலூர் வழியாகப் போகிறவர்களுக்கு நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். மலையடிவாரத்தில் நின்றுகொண்டு சிக்னல் தேடாமல் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு தகவல். கர்நாடக அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் செல்லாது, டிக்கெட் எடுக்க வேண்டும். என் மனைவி கண்டக்டரிடம் ஆதாரை நீட்டிவிட்டுப் பிறகு சில்லறை தேடினார்.

4. மைசூர் வரை

சென்னையிலிருந்து ராத்திரி காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மைசூர். வந்தே பாரத், சதாப்தி இரண்டும் விடிகாலையில் கிளம்பி மதியம் கொண்டுவந்து விடும். குளித்து, சாப்பிட்டு, அப்புறம் தோட்டத்துக்குக் கிளம்ப நேரம் சரியாக இருக்கும். டெல்டாப் பக்கத்துக்காரர்களுக்குத் தஞ்சாவூர், திருச்சி வழியாகவும், தென்மாவட்டத்தவர்களுக்கு மதுரை வழியாகவும் மைசூருக்கு நேரடியாக இரவு ரயில் இருக்கிறது.

பெங்களூரிலிருந்து பைக்கில் போகும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது: புது விரைவுச் சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பக்கவாட்டுச் சாலையில்தான் போக வேண்டும், நேரம் கூடும். பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள் மைசூருக்குள் போகவே தேவையில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே பிரிந்து போய்விடலாம்.

5. மைசூரிலிருந்து தோட்டத்துக்கு

மூன்று வழி. நான் சிபாரிசு செய்வது முதல் இரண்டைத்தான்.

நகரப் பஸ்: அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் சிட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து 301 எண் பஸ் கே.ஆர்.எஸ். போகிறது. அங்கே யாரிடமும் "கே.ஆர்.எஸ்." என்று கேளுங்கள், உடனே கை காட்டுவார்கள். கண்ணம்பாடி என்று அம்மா கேட்டதும் ஒரு பெரியவருக்குப் புரிந்தது. டிக்கெட் ஐம்பது ரூபாயைத் தாண்டாது. முக்கால் மணி நேரம், நெரிசலில் ஒரு மணி நேரம். மூன்றரைக்குள் ஏறிவிடுங்கள்.

டாக்ஸி: போய், காத்திருந்து, திரும்பி வர ஒரே தொகையாகப் பேசுங்கள். எங்களிடம் 1,500 ரூபாய் வாங்கினார்கள். பேசும்போது மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: காத்திருப்பு அடக்கம், பார்க்கிங் யார் கட்டுவது, காட்சி முடிந்த பிறகுதான் கிளம்புவோம். ஆட்டோவில் போகும் வழிக்கு மட்டும் பேசிப் போய் இறங்காதீர்கள். எட்டு மணிக்குத் திரும்ப ஆட்டோ தேடும்போது அவர்கள் சொல்வதுதான் விலை.

மூன்றாவது, ஒரு நாள் டூர் பஸ். சாமுண்டி மலை, அரண்மனை, மிருகக்காட்சி சாலை, ஸ்ரீரங்கப்பட்டணம் எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியாக இங்கே கொண்டுவருவார்கள். முந்தைய ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பத்து நிமிஷம் தாமதமானால் அத்தனையும் சேர்ந்து இங்கேதான் விடியும். நாங்கள் போன பஸ் பட்டுச் சேலைக் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம் நின்றது. அது அட்டவணையிலேயே இல்லை. தோட்ட வாசலில் இறங்கும்போது ஆறு ஐம்பது. ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது ஏழு பத்து. பகல் முழுக்கச் சுற்றிக் களைத்த அம்மாவுக்கு அந்த ஓட்டம் பெரிய தண்டனை. நீரூற்றுதான் முக்கியம் என்றால் டூர் பஸ் வேண்டாம்.

6. வாசலில்

நாலரை மணிக்கு வாசலில் இருப்பது நல்லது. ஐந்தரைக்கு மேல் டிக்கெட் வரிசை நீளும். நுழைவுக் கட்டணத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால், பெரியவர்களுக்குத் தலைக்கு 100 ரூபாய் என்று கணக்கில் வைத்துக்கொண்டு போங்கள். பார்க்கிங் தனி. போனில் படம் எடுக்கலாம், பெரிய கேமரா கொண்டுபோனால் கட்டணம் கேட்பார்கள். நீரூற்றுக்கென்று தனி டிக்கெட் கிடையாது. வாசலுக்கு வெளியே "ஃபவுண்டன் டிக்கெட்" என்று யாராவது நீட்டினால் கவுண்டரைப் பார்த்து நடந்துவிடுங்கள்.

யு.பி.ஐ. இருக்கிறது என்று நம்பிக் கையை வீசிக்கொண்டு போக வேண்டாம். கூட்ட நேரத்தில் நெட் மெதுவாகும். சில்லறையாக ஐந்நூறு ரூபாய் பையில் இருக்கட்டும். கழிப்பறைக்கு வாசலிலேயே ஒரு தடவை போய்விட்டு உள்ளே போங்கள்.

7. உள்ளே நடக்க வேண்டிய தூரம்

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். நுழைவாயில் ஒரு பக்கம், நீரூற்று நடனம் மறு பக்கம். படிப்படியாக இறங்கும் தோட்டத்தைக் கடந்து, தண்ணீருக்கு மேல் இருக்கும் பாலத்தைத் தாண்டி, வடக்குத் தோட்டத்துக்குப் போக வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. திரும்பவும் அதே தூரம், அதுவும் இருட்டில், கூட்டத்தோடு, ஏற்றத்தில். செருப்பு நல்ல பிடிப்புள்ளதாக இருக்கட்டும். பட்டுப் பாவாடையும் ஹீல்ஸும் இந்த இடத்துக்கு ஆகாது.

முன்னாலேயே போய்விட்டால் இந்த நடை சுகமானது. இரண்டு பக்கமும் பூப்பாத்தி, நடுவே ஓடும் தண்ணீர், தலைக்கு மேலே அணையின் கல்சுவர். அணையின் மேல் ஏறி நடக்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. யாராவது அழைத்துப்போகிறேன் என்றால் நம்பாதீர்கள். படகுச் சவாரி இருந்தால் ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே ஓர் இடத்தைக் குடும்பத்தில் எல்லோருக்கும் அடையாளம் காட்டிவையுங்கள்: "தொலைந்தால் இங்கே வந்து நில்." பாலத்தின் முனை அதற்குச் சரியான இடம். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். விளக்கை அணைத்த பிறகு யார் யாரென்றே தெரியாது.

8. எங்கே உட்காருவது

ஐந்தே முக்காலுக்கு நீரூற்றுக்கு முன் இருக்கிற படிகளுக்கு வந்துவிடுங்கள். எல்லோரும் முன்வரிசைக்குத்தான் ஓடுவார்கள். முன்வரிசை வேண்டாம். தண்ணீர் உயர எழும்பும்போது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும், காற்று நம் பக்கம் திரும்பினால் நனைந்துவிடுவோம். நடு மேல்வரிசைதான் சரி. மொத்தக் காட்சியும் ஒரே பார்வையில் கிடைக்கும். வயதானவர்களை ஓரத்தில் உட்காரவையுங்கள், எழுந்துபோகச் சுலபம்.

ஒரு மெல்லிய சால்வை, கொசு விரட்டும் களிம்பு, குடிக்கத் தண்ணீர், உட்கார ஒரு பழைய துண்டு. இவ்வளவு போதும். படிக்கல் ஈரமாக இருக்கும்.

விளக்கை அணைத்து ஒரு நொடி எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். அப்புறம் கன்னடப் பாட்டு ஒன்றின் முதல் தாளத்துக்குத் தண்ணீர் ஒரு முழ உயரத்துக்கு எழுந்து அடங்கும். அடுத்த தாளத்துக்கு ஆள் உயரம். சரணத்தில் இடமும் வலமுமாகச் சாய்ந்து ஆடும்போது பச்சை நீலமாகி, நீலம் சிவப்பாகும். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை. என் மகள் ஒவ்வொரு தடவை தண்ணீர் விழும்போதும் "போச்சு" என்றும், எழும்போது "வந்துருச்சு" என்றும் பாட்டு முடிகிற வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். காற்றில் வந்த சாரல் அம்மாவின் கண்ணாடியில் பட்டது. துடைக்கக் கைக்குட்டை கொடுத்தேன். வாங்கவில்லை. "மேட்டூருக்கு வர்ற தண்ணிதானே, இருக்கட்டும்" என்றார்.

படம் எடுப்பவர்கள் முதல் பாட்டோடு எடுத்து முடித்துவிட்டு போனை உள்ளே வையுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள். சாரல்தான் வெள்ளைப் புள்ளியாக விழும், நீரூற்று விழாது.

9. வெளியே வருவது

இரண்டு வழிதான். கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து வந்துவிடுவது, அல்லது எல்லோரும் போன பிறகு கால் மணி நேரம் கழித்து எழுவது. நடுவில் எழுந்தால் பாலத்தில் நெருக்கடியில் மாட்டுவீர்கள். பஸ்ஸில் திரும்புகிறவர்களுக்கு முதல் வழி. காட்சி முடிந்ததும் மைசூர் பஸ்ஸுக்குக் கூட்டம் முண்டியடிக்கும், பத்து நிமிஷம் முந்தினால் உட்கார இடம் கிடைக்கும். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். டாக்ஸி வைத்திருப்பவர்கள் பொறுமையாக உட்கார்ந்து வரலாம். டிரைவர் எண்ணையும் வண்டி எண்ணையும் சாயங்காலமே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி வெள்ளை வண்டிகள் நூறு நிற்கும்.

கே.ஆர்.எஸ். பக்கத்தில் வறுத்த மீன் கடைகள் பேர்போனவை. சாப்பிடுகிறவர்கள் சாயங்காலம் உள்ளே போகும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். திரும்பும்போது பசியோடு நிற்கும் கூட்டத்தில் குழந்தைக்கு ஒன்றும் வாங்க முடியாது. இரவுச் சாப்பாட்டை மைசூருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

10. செலவும் மறுநாளும்

நாங்கள் பெரியவர்கள் மூன்று பேர், குழந்தை ஒன்று. மூன்றாம் தடவை மைசூரில் ஆன செலவு: அறை 1,800, டாக்ஸி 1,500, தோட்டத்தில் டிக்கெட்டும் சில்லறைச் செலவும் 500, சாப்பாடு 900. மொத்தம் 4,700 ரூபாய். பஸ்ஸில் போய் வந்திருந்தால் ஆயிரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

மறுநாள் காலை ஆறுக்குச் சாவடி திறக்கும் என்று அடித்துப்பிடித்துக் கிளம்ப வேண்டாம். ராத்திரி முழுக்கக் காத்திருந்த லாரிகள் அத்தனையும் அப்போதுதான் திம்பம் மலைப்பாதையில் இறங்கும். 27 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் லாரி திரும்பும் வரை நிற்க வேண்டும். மைசூரில் நிதானமாக டிபன் சாப்பிட்டு எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். ஆசனூர் வரும்போது பத்தரை ஆகும். வெயில் ஏறியிருக்கும், மலைப்பாதையும் காலியாக இருக்கும்.